எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்துக்குப் புதிதாய் வருகிறவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள்? பார்த்ததை எழுதுங்கள்

வாசல்காரர்:

சிவப்புக் கதவு, பித்தளைக் கைப்பிடி. கணவன், மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஆர்கன் சத்தம் நன்றாகவே கேட்கிறது. கதவு திறக்கவில்லை. காருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பத்தடி தள்ளி, புல்தரையில், 'எபிஸ்கோப்பல் சபை உங்களை வரவேற்கிறது' என்ற நீல வெள்ளைப் பலகை.

கார் நிறுத்துமிடம் பின்னால் இருக்கும் எல்லாச் சபையிலும் இதுதான் நடக்கிறது. பழைய ஆட்கள் பின்பக்கத்துப் பாரிஷ் ஹால் (சபைக் கூடம்) வழியாக, காப்பிப் பாத்திரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். வரவேற்பு ஆளும் அங்கேதான் நிற்பார். குளிர்காற்று வருகிறதென்று முன்கதவுக்கு நவம்பரில் போட்ட தாழ்ப்பாள் ஈஸ்டர் வரைக்கும் கிடக்கும். புது ஆளுக்கோ தெருவிலிருந்து தெரியும் கதவுதான் கதவு.

ஆராதனைக்கு அரைமணி முன்பே முன்கதவைத் திறந்து, ஒரு ஆளை வெளிப்படியில் நிறுத்த வேண்டும். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அவர் உள்ளே ஓடிவிடக் கூடாது, சுவிசேஷ வாசிப்பு வரை அங்கேயே இருக்கட்டும். புதியவர்கள் ஒன்று கால்மணி முன்னால் வருவார்கள், இல்லை ஐந்து நிமிடம் பிந்தி வருவார்கள். அம்புக்குறிப் பலகை காரோட்டி வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். நடந்து வருகிறவருக்குக் கட்டடமே தெரிகிறதே.

பாமாலைப் பிரியன்:

கதவு தாண்டி வந்தவர் கதை இது. மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). பாமாலைப் பாட்டுகளில் பாதி மனப்பாடம். குளோரியா என்ற துதிப்பாட்டுக்கு நேரம் வந்தது, ஆராதனைத் தாளில் 'எஸ் 280' என்று போட்டிருந்தது. நீலப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து 280ஆம் பாட்டைப் பிரித்தார். சுற்றியிருந்தவர்கள் பாடுவது வேறு. விரலை வரியில் வைத்துக்கொண்டே நாலு வரி தேடினார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்தவர் கடைசி வரை திறக்கவே இல்லை.

அந்த 1982 பாட்டுப் புத்தகத்தில் இரண்டு எண் வரிசை உண்டு. முன்பகுதியில் ஆராதனை இசை, எஸ் 1 முதல் எஸ் 288 வரை. அது முடிந்தபின் பாட்டுகள், 1 முதல் 720 வரை. எஸ் 280 என்பது ராபர்ட் பவல் இசையமைத்த குளோரியா. 'எஸ்' என்றால் புத்தகத்தின் முன்பக்கம் என்று தாளில் ஒரு வரி போட எந்தச் சபைக்கும் தோன்றுவதில்லை.

ஜெபப்புத்தகம் இன்னும் மோசம். இரண்டாம் முறைத் திருவிருந்து (இக்கால ஆங்கிலத்தில் அப்பமும் திராட்சரசமும் வழங்கும் ஆராதனை) 355ஆம் பக்கத்தில் தொடங்கும். சங்கீதத்துக்கு 585க்கு அப்பால் போகணும். விசுவாசப் பிரமாணத்துக்கு 358, விண்ணப்பங்களுக்கு 383, பாவ அறிக்கைக்கு மறுபடி 360. ஐயர் (போதகர்) அன்றைக்குத் திருவிருந்து ஜெபங்களில் 'பி' ஜெபத்தை எடுத்தால் 367க்குப் போய், பரமண்டல ஜெபத்துக்கு 364க்குப் பின்வாங்க வேண்டும். பழகினவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வதால் பக்கத்து ஆளைப் பார்த்தும் பக்கம் கண்டுபிடிக்க முடியாது.

அச்சுமை:

பிரியன் அண்ணே, நோயைச் சொன்னீர்கள், மருந்தைச் சொல்லவில்லையே. 'எஸ்' என்றால் என்ன என்று ஒரு வரி போட்டால் தீர்கிற விஷயமா இது? முழு ஆராதனையையும் அச்சடித்துக் கையில் கொடுங்கள். 1979 ஜெபப்புத்தகத்துக்குக் காப்புரிமை கிடையாது, யாரும் அச்சடிக்கலாம். பாட்டுக்குத்தான் உரிமம் பார்க்கணும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், ஆகவே மொத்தம் 12 அல்லது 16 பக்கமாகத் திட்டமிடுங்கள். எழுத்து 12 புள்ளிக்குக் கீழே போகாமல் இருக்கட்டும். பெரிய எழுத்தில் பத்துப் பிரதி தனியே வேண்டும்.

அப்படி அச்சடிக்கிற சபைகளும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று பரமண்டல ஜெபத்துக்குத் தலைப்பை மட்டும் போடுவார்கள். ஜெபப்புத்தகத்தில் அது பழைய ஆங்கிலம், புது ஆங்கிலம் என்று இரண்டு வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. இவர்கள் எதைச் சொல்லப்போகிறார்கள் என்று புது ஆளுக்கு எப்படித் தெரியும்? கத்தோலிக்கப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் 'கர்த்தர் உங்களோடிருப்பாராக' என்றதும் 'உமது ஆவியோடும்' என்று உரக்கச் சொன்னார். 2011இலிருந்து கத்தோலிக்க ஆங்கிலத் திருப்பலியில் அதுதான் பதில். இங்கே இரண்டாம் முறையில் 'உம்மோடும்' என்பதோடு நின்றுவிடுகிறது. சபை நிறுத்திய பிறகு அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அடுத்த பதில் ஒன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

கிண்ணம் பிடிப்பவர்:

பீடத்தண்டை ஒரு இளைஞன் முழங்காலிட்டான். அப்பத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பெண் கிண்ணத்தில் தோய்த்து எடுத்ததைப் பார்த்துத் தானும் தோய்த்தான், விரல் இரண்டாம் கணு வரை திராட்சரசத்துக்குள். கிண்ணம் கொடுத்தவர் முகம் சுருங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டான். ஈரக்கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து ஏந்தினால் அப்பம் அதில் வைக்கப்படும். குடிக்கிறவர் அப்பத்தை உடனே உண்டு, கிண்ணத்தின் அடிப்பாகத்தைப் பிடித்து வாய்க்கு வழிகாட்டணும். சும்மா நிமிர்ந்து இருந்தால், கொடுக்கிறவருக்கு ரசத்தின் மட்டம் தெரியாது, மூக்கில் இடிக்கும். தோய்க்கிறவர் அப்பத்தை உண்ணாமல் வைத்திருந்து ஓரத்தை மட்டும் நனைக்கணும். அதைவிட, கிண்ணக்காரரையே தோய்த்துக் கொடுக்கச் சொல்வது நல்லது. வட்ட அப்பம் என்றால் சரி. வீட்டில் சுட்ட ரொட்டி என்றால் தோய்க்கவே விடாதீர்கள், தூள் உதிர்ந்து அடியில் தங்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்க்கான அப்பம் தனிச் சிமிழில் இருக்கட்டும். மற்ற அப்பத்தைத் தொட்ட கையால் எடுத்தால் தனிச் சிமிழால் பயனில்லை. கிண்ணத்தில் இருப்பது நிஜ ஒயின். குடியை விட்டவர் அப்பத்தோடு எழுந்து போகலாம், அதுவே முழுத் திருவிருந்து. வாங்க விரும்பாதவர் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் ஆசீர்வாதம் கிடைக்கும். ஆனால் முன்னால் அறிவிக்காவிட்டால் இந்தச் சைகை யாருக்குத் தெரியும்?

நம் ஆட்கள் அதிகம் திகைப்பது பிள்ளைகள் விஷயத்தில். திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) எடுத்த பிறகே திருவிருந்து என்று வளர்ந்த பெற்றோர், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐயர் அப்பத்தை நீட்டும்போது பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறார்கள். இங்கே ஞானஸ்நானம் போதும். அதை முன்கூட்டியே காதில் போடுங்கள். ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருவிருந்து இல்லை என்பது சபைச் சட்டம். ஆனால் 'யாராயிருந்தாலும் வாருங்கள்' என்று அழைக்கும் பாரிஷ்களும் நிறைய. ஐயர் எதைச் சொல்வார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே தாளில் போடுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

கிண்ணக்கார அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்பே ஆள் ஒடிந்துபோகிறார். சமாதானம் சொல்லும் நேரம். வயதான தம்பதி, ஊர் வழக்கப்படி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார்கள். சிஎஸ்ஐயில் ஒருவர் கையை மற்றவர் இரு கைக்குள் வாங்கித்தானே சமாதானம் கொடுப்போம். 1950 வழிபாட்டு முறையிலேயே இருப்பது. முன்வரிசைக்காரர் அந்தக் கையின் விரல்நுனியைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவர்கள் தலைக்குமேல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்தார். பிறகு மொத்தச் சபையும் எழுந்து நடைபாதைக்கு வந்து, கட்டிப்பிடித்து, ஐந்து நிமிடம் சந்தைதான். நடுவில் அந்த இரண்டு பேர், குவித்த கையோடு.

முதலில் கை எட்டுகிற தூரத்தில் இருப்பவர்கள், அப்புறம் நண்பர்கள். இதை ஐயர் சொல்ல வேண்டாம், நாலு வரிசைக்கு ஒரு ஆள் செய்தாலே மற்றவர்கள் பின்தொடர்வார்கள். அச்சுமையின் 16 பக்கத்திலும் இந்த இடத்தில் 'சமாதானம்' என்று ஒரு சொல்தான் இருக்கும், பந்தயம்.

அச்சுமை:

பந்தயம் நீங்கள் ஜெயித்தீர்கள், அக்கா.

காப்பி மேசை:

'புதிதாய் வந்தவர்கள் எழுந்து பெயர் சொல்லுங்கள்' என்று இன்னமும் கேட்கும் சபைகள் இருக்கின்றன. ஒரு பெண் உட்கார்ந்தபடியே காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நல்ல மனசுக்காரர் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார்! அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. ஹாலுக்கு வழி காட்டாதீர்கள், கூட நடந்து போங்கள். 'உண்மையில் எந்த ஊர்' என்று நிறத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

வாசல்காரர்:

ஒரு சேர்க்கை. தங்கிவிடுகிற சிஎஸ்ஐ குடும்பங்கள் மறுபடி ஞானஸ்நானம் வேண்டுமா என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் பதிவேட்டில் ஏறும். வருடத்தில் மூன்று தடவை திருவிருந்து எடுத்திருந்தால் திருவிருந்து அங்கத்தினர் கணக்கில் வரும். கடிதத்தில் ஞானஸ்நானத் தேதி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத் திரும்ப எழுதிக் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அந்தச் சிவப்புக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது. கதவு மரம் உப்பியிருப்பதால் இப்போது தோளால் தள்ள வேண்டியிருக்கிறது. தச்சர் வியாழன் வருகிறார்.