நிக்கோலா கோபோ யாருடைய வழக்குரைஞர்?

அரசமரத்தடி (தொடக்கப் பதிவு):
1998-இல் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கும்பல் போரில், கார்ல் வில்லியம்ஸ், டோனி மொக்பெல் ஆகிய போதைப்பொருள் கும்பல் தலைவர்களுக்காக வாதாடியவர் நிக்கோலா கோபோ. அவர்களுடன் விருந்துகளில் அமர்ந்தவர், இரவு எந்நேரத்தில் அழைத்தாலும் தொலைபேசியை எடுத்தவர், 2005 செப்டம்பர் முதல் 2009 தொடக்கம் வரை அந்நகரம் அமைந்த விக்டோரியா மாநிலக் காவல்துறைக்கு, கட்சிக்காரர்களுக்குத் தெரியாமல், பதிவு பெற்ற தகவலாளியாகவும் இருந்தார். அவரை வெறும் துரோகி என்று முடிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மொக்பெலின் ஆட்களில் யாராவது கைதானால், அவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வதே கோபோவின் வேலை என்று அந்தக் கும்பல் எதிர்பார்த்தது. 2004-இல் பக்கவாதம் வந்து மீண்ட ஒருவர், அந்தப் பிடியிலிருந்து வெளியேற வேறு வழி காணாமல் காவல்துறையிடம் போனார் என்பதே என் வாசிப்பு.

மதுரை வக்கீல்:
ஐயா, வெளியேற வழி இருந்தது. வக்காலத்திலிருந்து விலகியிருக்கலாம், ஊரை விட்டே போயிருக்கலாம். அவர் செய்தது என்ன? 2006 ஏப்ரலில், போதைப்பொருள் தயாரிக்கும் ஒருவர் இவர் கொடுத்த தகவலாலேயே பிடிபட்டார். கைதான இரவில் அவர் தம் வழக்குரைஞரை அழைக்க, காவல் நிலையத்துக்கு வந்து நின்றவரும் இவரே. காவலர்களுடன் ஒத்துழைப்பதே நல்லது என்று அந்த மனிதர் முடிவெடுத்தபோது, ஆலோசனை சொல்ல அருகில் இருந்தவர் எந்தப் பக்கத்தவர் என்பது அவருக்குத் தெரியாது. இதை நட்பின் நெருக்கடி என்று எப்படி எழுதுகிறீர்கள்?

அரசமரத்தடி:
அந்த நிகழ்வை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2007-இல் இத்தாலியிலிருந்து தக்காளி டின்களுக்குள் மறைத்து அனுப்பப்பட்ட 4.4 டன் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரைகளை, அதாவது ஏறத்தாழ 1.5 கோடி மாத்திரைகளை, மெல்பர்ன் துறைமுகத்தில் பிடிக்க உதவியது, கட்சிக்காரர் ஒருவரிடமிருந்து இவருக்குக் கிடைத்த கப்பல் சரக்கு ஆவணம். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக்கூடாது என்ற வழக்குரைஞர் இரகசியக் காப்பு, நடக்கப்போகும் குற்றத்தைப் பற்றிய செய்திக்குக் கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மதுரை வக்கீல்:
அந்த விதிவிலக்கு உண்மைதான். தகவல் கொடுத்துவிட்டு, பிடிபட்டவர்களின் வழக்குகளிலிருந்து ஒதுங்கி நின்றிருந்தால் நானும் உங்கள் பக்கம் பேசியிருப்பேன். தாம் மாட்டிவைத்தவர்களுக்கே தொடர்ந்து ஆலோசனை சொன்னாரே, அதற்கு அந்த விதிவிலக்கு இடம் தருவதில்லை. ஃபாருக் ஓர்மான் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் நடந்த ஒரு கொலைக்காக அவர் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவருக்காக வழக்கு நடத்திக்கொண்டே, அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி பின்வாங்காமல் சாட்சியம் சொல்லவும் கோபோ வழி செய்தார். 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. ஓர்மான் குற்றவாளியா இல்லையா என்பது இனி ஒருபோதும் ஒழுங்காக விசாரிக்கப்படப் போவதில்லை. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் இதில் நீதி இல்லை.

கடலோரம்_மெல்பர்ன்:
நான் இந்த ஊரில் வசிப்பவள். உங்கள் இருவர் பேச்சிலும் ஒரு தரப்பு தப்பிப் போகிறது. கும்பலோடு கோபோ வைத்திருந்த உறவு ஆபத்தானது, ஆனால் இரு பக்கமும் ஆதாயம் தெரிந்தே வைத்திருந்த உறவு அது. காவல்துறையோடு வைத்திருந்த உறவோ அதைவிடக் கோணலானது. சட்டம் படித்த உயர் அதிகாரிகள் வரை இது தெரிந்திருந்தும், நீதிமன்றத்திடம் பல ஆண்டுகள் மறைத்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வேலைக்கு உதவும் வரை அவரைத் தகவலாளியாக வைத்திருந்தவர்கள், முன்னாள் துப்பறிவாளர் ஒருவர் மீதான கொலை வழக்கில் அவரையே சாட்சியாக்கத் துணிந்தார்கள். தம் பாதுகாப்பைக் காவல்துறை கெடுத்துவிட்டது என்று அவர் வழக்குப் போட, 2010-இல் 28.8 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வில்லியம்ஸ் சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார்.

அரசமரத்தடி:
இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன், அம்மா. இரு தரப்பும் அவரைப் பயன்படுத்திக்கொண்டன.

கடலோரம்_மெல்பர்ன்:
இல்லை ஐயா, நாம் இருவரும் ஒன்றைச் சொல்லவில்லை. 2015-இல் உயர் காவல் அதிகாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் தகவலால் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 386 பேர் என்று அவரே கணக்குக் கொடுத்தார். தாம் செய்ததன் மதிப்பை எடுத்துக்காட்டும் ஒருவரின் எழுத்து அது. பயந்து ஒடுங்கியவர் அப்படி எழுதமாட்டார் என்று நினைக்கிறேன். தாம் இல்லாமல் எந்தத் தரப்புக்கும் காரியம் நடக்காது என்ற நிலையை அவர் விரும்பினார். கும்பல்காரர்களின் நட்பும் துப்பறிவாளர்களின் நட்பும் அதற்குத்தான் பயன்பட்டன.

மதுரை வக்கீல்:
அம்மையார் கூறுவதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் காவல்துறையை முதலில் நிறுத்துவதால் வழக்குரைஞரின் பொறுப்பு குறைந்துவிடக் கூடாது. 2018-இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் இருவரையும் கண்டித்தது: அவர் தம் கடமையை அடிப்படையிலேயே அப்பட்டமாக மீறினார் என்றும், காவல்துறை அந்த மீறலுக்குத் தெரிந்தே துணைபோனது என்றும். அடுத்து வந்த மார்கரெட் மெக்மர்டோ தலைமையிலான அரச ஆணையம், 1,011 பேரின் தண்டனைகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2020 நவம்பரில் அறிக்கை கொடுத்தது.

கடலோரம்_மெல்பர்ன்:
அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குற்ற வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் திரட்டுவதற்கென்றே, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜெஃப்ரி நெட்டில் தலைமையில் சிறப்பு விசாரணை அலுவலகம் அமைத்தார்கள். அவர் பரிந்துரைத்தும், அரசுக் குற்றவழக்கு இயக்குநர் வழக்குத் தொடுக்க மறுத்தார்; 2023-இல் அந்த அலுவலகத்தையே கலைக்க அரசு முடிவெடுத்தது. கோபோ மீதும் வழக்கில்லை, அவரை நடத்திய காவலர் ஒருவர் மீதும் வழக்கில்லை. 30 ஆண்டுத் தண்டனை பெற்ற மொக்பெலோ 2025 ஏப்ரலில் பிணையில் வெளியே வந்துவிட்டார்.

அரசமரத்தடி:
மொக்பெல் வெளியே வந்ததற்கு கோபோவைவிடக் காவல்துறையே காரணம் என்கிறீர்களா?

கடலோரம்_மெல்பர்ன்:
ஆம். கோபோ வந்து கதவைத் தட்டியபோது, "நீங்கள் அவர்களின் வழக்குரைஞர், உங்களிடம் இதைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.