பனிக்காலப் பழுது மேசை: ஃப்ளை ஃபிஷிங் கடையில் சீசனுக்கு முன் பார்த்தவை, சரிசெய்தவை

நூல்கண்டு:

நண்பர்களே, ஆற்றில் வேலை குறைந்து மேசையில் வேலை கூடும் காலம் இது. சீசன் திறந்த முதல் வாரத்தில், "எடுத்து வைக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சோடு கவுண்டருக்கு வரும் ரீலும் (லைன் சுற்றும் உருளை) வேடரும் (ஆற்றில் இறங்கி நிற்க அணியும் நீர்புகாக் கால்சட்டை) எத்தனையோ. எடுத்து வைத்த விதத்தில்தான் கோளாறு. ஈரத்தோடு குழாய்க்குள் போன ராட் (தூண்டில் கோல்), முள்ளில் இறகும் உரோமமும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சிகளான ஃப்ளைகளை ஈரத்தோடு மூடிய பெட்டி, மடித்த மடிப்பிலேயே மாதக்கணக்கில் கிடந்த வேடர். அவரவர் மேசையில் பார்த்ததை, ஏன் அப்படி ஆனது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதோடு எழுதுங்கள். லைனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

லைன் என்பது உள்ளே ஒரு நூல், அதன்மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூச்சு. மற்றத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை வீச்சைக் கொண்டுபோகும். இங்கே அந்த வேலையை லைனின் எடைதான் செய்கிறது. அதனால் பூச்சு கெட்டால் எல்லாம் கெட்டது. ரீலிலிருந்து முழுதாக உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து சொட்டு மென்மையான பாத்திர சோப்பு விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஈரத்துணியை இரு விரலில் மடித்துப் பிடித்து அதற்குள் லைனை மெதுவாக இழுங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். ராடின் வளையங்களில் உராய்ந்து வீச்சைக் குறைத்த அழுக்கு அதுதான். தண்ணீரை மாற்றி, கோடு விழுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே லைனுக்கான கண்டிஷனரைத் தடவுவது. ஈரத்தின் மேல் தடவினால் ஒட்டாது, பிசுக்காகத் திரளும்.

உலர்ந்ததும் முதல் 30 அடியைக் கட்டைவிரல் நகத்தால் வருடிப் பாருங்கள். வளையங்களில் அதிகம் ஓடும் பகுதி அது. லைனின் எண்ணை நிர்ணயிப்பதும் அந்த 30 அடியின் எடைதான்: 5 எண் லைனுக்கு 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம், 6 எண்ணுக்கு 160 கிரெய்ன். நகத்தில் வரிவரியாகத் தட்டுப்பட்டால் அது வெடிப்பு. வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்நூலுக்குப் போகும். "லைன் முனை முழுகுது" என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் முடியும். நுனி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் வெடிப்பு என்றால் வெட்டிவிட்டு, நுனியை மடித்து 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் நைலானில் நெய்ல் நாட் (சுற்றிக் கட்டும் முடிச்சு) இரண்டு போட்டுப் புதிய கண்ணி கட்டலாம். பருத்த பகுதியின் நடுவே வெடித்திருந்தால் ஒட்டுப்போட வழியில்லை, புது லைன்தான்.

வெடிப்புக்கு அடிக்கடி காரணமாவது கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற ரசாயனம். கையில் பூசிய கையோடு லைனைத் தொட்டால் போதும், பூச்சு இளகிக் கெடும்.

ரீல் மேசை:

லைனைக் கழுவிய பிறகு ஏற்றும் இடத்தில் கெடுப்பவர்களும் உண்டு. சமீபத்தில் வந்த ஒரு ரீலில் புது லைன் முழுக்க முறுக்கு. லைன் சுற்றி வந்த கடை ஸ்பூலை (சுற்றுருளை) தரையில் படுக்க வைத்து, பக்கவாட்டில் உருவி ஏற்றியிருக்கிறார்கள். அப்படி உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு லைனில் ஏறிவிடும். ஒரு பென்சிலை ஸ்பூலின் துளையில் செருகி, ஸ்பூல் உருண்டு லைனை விடும்படி ஒருவர் பிடிக்க வேண்டும். ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, லைன் நுனியில் கட்டும் மெல்லிய இழையான லீடரையும் ஃப்ளையையும் கழற்றிவிட்டு, லைனை முழு நீளத்துக்கும் ஓடும் நீரில் சற்று நேரம் விட்டால் தானாக அவிழும். ஆறு எட்டாத இடத்தில் புல்தரையில் இழுத்துக்கொண்டு நடக்கலாம். சிமெண்ட் தரை கூடாது, பூச்சைத் தேய்த்துவிடும்.

லைனுக்கு அடியில் சுற்றும் துணை நூலான பேக்கிங் எவ்வளவு என்ற கேள்விக்கு, பெட்டியில் அச்சிட்ட அளவைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. முதலில் லைனை ரீலின் வெறும் ஸ்பூலில் ஏற்றுங்கள். ரீலில் சேரப்போகும் முனை வெளியே நிற்கும்படி ஏற்றி, அதன்மேல் 20 பவுண்டு டாக்ரான் பேக்கிங்கை, விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் கீழே வரும் வரை சுற்றி வெட்டுங்கள். பிறகு இரண்டையும் உருவி, முறை மாற்றி, பேக்கிங் அடியில் வரும்படி மறுபடி ஏற்றுங்கள். அளவு அச்சாக இருக்கும். வேலை இரண்டு மடங்கு, ஆனாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன். நிரம்பி வழியும் ஸ்பூலில் லைன் சட்டத்தில் உரசிப் பூச்சு சீவிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பேக்கிங்கை விரல் அழுத்தத்தில் இறுக்கமாகச் சுற்றுவதும் முக்கியம். தளர்வாக இருந்தால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்சுற்றுக்குள் புதைந்து சிக்கும். அந்த நொடியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி இழையான டிப்பெட் அறுந்துவிடும்.

மீன் இழுக்கும்போது ஸ்பூலைத் தடுத்துப் பிடிக்கும் டிராக் பற்றி இரண்டு விஷயம். எடுத்து வைக்கும்போது திருகை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்து, பிறகு சீராக விடாமல் திக்கித் திக்கி விடும். இன்னொன்று கிரீஸ். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் உருளை பேரிங் உள்ள ரீலில் கெட்டியான கிரீஸை அப்பினால், உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். டிராக் எவ்வளவு திருகினாலும் ஸ்பூல் சும்மா சுற்றும். "டிராக் போச்சு" என்று வந்த ரீலில் கிரீஸைத் துடைத்தெடுத்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் பழையபடி பிடித்திருக்கிறது. சீல் செய்த டிராக்கைத் திறக்கவே வேண்டாம்.

புதுத்துளிர்:

ஒரு சந்தேகம். டிப்பெட் ஸ்பூல் போன சீசனில் வாங்கியது, பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்த வருஷமும் ஓட்டலாமா? டிப்பெட்டின் தடிமனைச் சொல்லும் எக்ஸ் கணக்கும் இன்னும் பிடிபடவில்லை.

நூல்கண்டு:

கணக்கு எளிது தம்பி. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள். வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 5எக்ஸ் என்றால் 6, அதாவது 0.006 அங்குலம், 0.15 மில்லிமீட்டர். 3எக்ஸ் 0.20 மில்லிமீட்டர். தூண்டில் முள்ளின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் எந்த டிப்பெட் என்று தோராயமாகக் கிடைக்கும்: 12 எண் முள்ளுக்கு 4எக்ஸ், 18-க்கு 6எக்ஸ். சிறு மீன்போல் கட்டிய கனமான ஸ்ட்ரீமர் ஃப்ளைக்கு இந்த வகுத்தல் சரிவராது, அங்கே ஒரு படி தடிமனாகவே போங்கள்.

பழைய ஸ்பூல் நைலானா ஃப்ளோரோகார்பனா என்று பாருங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சும், வெயிலின் புற ஊதாக் கதிரில் பலம் இழக்கும். ஒரு முழம் உருவி, நடுவில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, நனைத்து, நிதானமாக இழுங்கள். நல்ல நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அறும். காய்ந்த குச்சிபோல் 'டக்' என்று விட்டால் அந்த ஸ்பூலை ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃப்ளோரோகார்பன் வெயிலையும் ஈரத்தையும் அதிகம் தாங்கும், ஆண்டுகள் தாண்டியும் இருக்கும். அதே காரணத்தால் கரையில் விட்ட துண்டும் மக்காமல் கிடக்கும். வெட்டியதைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வாங்கிய மாதத்தை ஸ்பூலின் மேல் மார்க்கரால் எழுதும் பழக்கம் நல்லது. கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிப்பெட்டை வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்காதீர்கள்.

இறகுப்பெட்டி:

ஃப்ளை கட்டும் பகுதியிலிருந்து எழுதுகிறேன். பனிக்காலம்தான் எங்களுக்கு உச்சம். வகுப்பும் இருப்பெடுப்பும் ஒன்றாக வரும். இருப்பெடுக்கும்போது இறகும் உரோமமும் உள்ள ஒவ்வொரு தோலையும் வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ரவை போன்ற துகளும் புழு உரித்த மெல்லிய சட்டையும் உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்துப்பூச்சியின் புழுவும் தோல்வண்டின் புழுவும் இறகிலும் உரோமத்திலும் உள்ள கெரட்டினைத் தின்பவை. ஹேக்கிள் எனும் கழுத்து இறகின் தண்டு மட்டும் நின்று, இழைகள் கத்தரித்ததுபோல் போயிருக்கும்.

அந்தத் தோலை உடனே ஜிப் பையில் அடைத்து, காற்றை நெருக்கி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்துச் சில நாள் அறை வெப்பத்தில் விட்டு, மறுபடி இரண்டு வாரம். முதல் குளிரில் தப்பிய முட்டை இடைவெளியில் பொரிந்தால் இரண்டாவது குளிர் அதை முடித்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும் வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த இறகில் நீர் பூத்து, பூச்சி போய் பூஞ்சை வரும். புதிதாக வரும் சரக்கையும் இதே வழியில் நடத்திவிட்டுத்தான் அலமாரிக்கு அனுப்ப வேண்டும். அந்துருண்டையை நம்பி விடாதீர்கள். பாராடைகுளோரோபென்சீன் வகை உருண்டை சில பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கிவிடும்.

நீரின் மேல் மிதக்கும் டிரை ஃப்ளை நசுங்கினால் தூக்கிப் போட வேண்டாம். கெட்டில் மூக்கில் வரும் ஆவிக்கு நேரே இடுக்கியில் பிடித்து ஐந்தாறு நொடி காட்டுங்கள். மடங்கிக் கிடந்த ஹேக்கிள் இழைகள் ஒவ்வொன்றாக விரிந்து எழும்பும். பார்க்கவே அழகாக இருக்கும். உடனே பெட்டியில் போடாமல் ஓர் இரவு திறந்தபடி உலர வையுங்கள். ஈரமாக மூடிய பெட்டியில் ஒரு முள் துருப்பிடித்தால், அந்தத் துரு பக்கத்து ஃப்ளைகளின் இறகிலும் கறையாக இறங்கும்.

வகுப்பில் அதிகம் நடக்கும் தவறு: ஃப்ளையை முழுதாகக் கட்டி முடித்த பிறகு, முள் முனையின் எதிர்ப்பல்லான பார்பை நசுக்குவது. அழுத்தம் தவறினால் முள் முனை உடையும், கட்டிய உழைப்பும் போகும். வெறும் முள்ளாக இருக்கும்போதே, தட்டையான இடுக்கியை முனையின் திசையிலேயே வைத்து அழுத்துங்கள். குறுக்கே வைத்து நெருக்கினால்தான் முனை முறிகிறது.

இருப்பு விஷயத்தில் என் கருத்து: நாற்பது வகையில் ஒவ்வோர் அளவு வாங்குவதைவிட, சில வகைகளை எல்லா அளவிலும் வையுங்கள். ஃபெசன்ட் டெய்லும் ஆடம்ஸும் 14 முதல் 18 வரை, ஹேர்ஸ் இயர் 12 முதல் 16 வரை, வுல்லி பக்கர் 8, 10, பனிக்காலச் சிறு பூச்சியான மிட்ஜுக்கு 20, 22. ஆடம்ஸ் 1922-லிருந்து மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. வசந்தத்தின் முதல் வாரங்களில் நீர் குளிர்ந்தும் பெருகியும் இருக்கும், மீன் அடியில் நிற்கும். ஃப்ளையின் தலையில் கோக்கும் டங்ஸ்டன் மணி பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. ஒரே அளவு மணியில் ஃப்ளை விரைவாக இறங்கும். அதைக் கூடுதலாக வையுங்கள்.

மூங்கில்குருத்து:

இறகுப்பெட்டி அக்கா சொன்ன டங்ஸ்டன் மணி ராடையும் உடைக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாக வீசும்போது மணி ராடில் மோதினால் கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். உடைவது அன்றல்ல, பல நாள் கழித்து சின்ன மீனில் உடையும். வாடிக்கையாளருக்கு அதனால்தான் நம்ப முடிவதில்லை. விளக்கொளியில் ராடை உருட்டி, பூச்சில் பொட்டுப்போல் சிராய்ப்பு இருக்கிறதா பாருங்கள்.

ராட் துண்டுகளின் இணைப்புகளில், உள்ளே செருகும் ஆண் பகுதியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பாரஃபின் மெழுகை லேசாக ஒரு தேய்ப்பு. வீசும்போது தளர்ந்து நகர்ந்த இணைப்பில் முழுச் சுமையும் பெண் பகுதியின் விளிம்பில் விழுந்து நீளவாக்கில் பிளக்கும். வளையங்களுக்குள் பஞ்சைச் சுழற்றுங்கள். இழை சிக்கினால் அங்கே வெடிப்பு அல்லது தேய்ந்த பள்ளம் இருக்கிறது, லைனை அறுப்பது அதுதான். குழாயில் போடுவதற்கு முன் ராடையும் துணி உறையையும் தனித்தனியாக ஒரு நாள் உலர்த்துங்கள்.

நீர்க்கால்:

வேடர் ஒழுகுகிறது என்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைக் காட்டுவார்கள். தண்ணீர் உள்ளே வழிந்து கணுக்காலில் தேங்குவதால் ஓட்டை காலில் என்று தோன்றும். மூச்சுவிடும் துணி வேடரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பகுதி பகுதியாகத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஆல்கஹால் ஊறி, கறுத்த புள்ளி பளிச்சென்று தெரியும். கவட்டுத் தையலையும் முழங்காலின் உள்பக்கத்தையும் முதலில் பாருங்கள். புள்ளியைப் பேனாவால் வட்டமிட்டு, முழுதாக உலரவிட்டு, யூரித்தேன் பசையைச் சிறு நாணய அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, 24 மணி நேரம் தட்டையாக விடுங்கள். நியோப்ரீன் ரப்பர் வேடரில் இந்த வழி நடக்காது. அதில் தண்ணீர் நிரப்பி, எங்கே கசிகிறது என்று வெளியே பார்க்க வேண்டியதுதான். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். பிறகு தொங்கவிடுங்கள். மடிப்பு நிரந்தரமாக விழுந்த இடத்தில்தான் அடுத்த ஓட்டை.

பூட்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பளிபோன்ற ஃபெல்ட் அடி வழுக்காது என்பது உண்மைதான், ஆனால் நாள்கணக்கில் ஈரம் பிடித்துவைத்து ஓர் ஆற்றின் பாசியை அடுத்த ஆற்றுக்குச் சுமக்கும். நியூசிலாந்தில் டிடிமோ பாசி 2004-ல் கண்டறியப்பட்டது. 2008-ல் ஃபெல்ட் அடியையே அங்கே தடைசெய்தார்கள். ரப்பர் அடியானாலும், வேறு ஆற்றுக்குப் போகும் முன் 5 சதவீத பாத்திர சோப்புக் கரைசலில் ஒரு நிமிடம் முழுக்க நனைத்து, நன்றாக உலர்த்துங்கள். கெட்டியான பூட்ஸுக்குள் கரைசல் ஊற நேரம் எடுக்கும், அதனால் அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

கூழாங்கல்:

கடைப் பலகையில் ராட் விலைக்குப் பக்கத்தில் இதையும் ஒட்டுங்கள். பிரவுன் ட்ரவுட், புரூக் ட்ரவுட் மீன்கள் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். பனிக்காலம் முழுக்க முட்டையும், பிறகு குஞ்சும் கூழாங்கல்லுக்கு அடியில்தான். சுற்றிலும் பாசி படிந்த கற்கள் கறுத்திருக்க, நடுவே நீள்வட்டமாகக் கழுவிவிட்டதுபோல் வெளுத்த திட்டு தெரிந்தால் அது மீன் வாலால் தோண்டிய படுகை. நீர் வரும் பக்கம் ஒரு குழி, நீர் போகும் பக்கம் ஒரு மேடு. குழியில் முட்டை இருக்கும் என்று நினைத்து, அதைச் சுற்றிப் போவதாக மேட்டின் மேல் நடப்பவர்கள் நிறைய. முட்டை இருப்பது மேட்டுக்குள்.

நூல்கண்டு:

நல்லது கூழாங்கல். பலகைக்குப் படம் வரையும்போது நீரோட்டத்தின் அம்புக்குறியைப் பெரிதாகப் போட்டு, மேட்டை மட்டும் சிவப்பில் தீட்டுங்கள். வேடர் வாடகைக்கு எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர் மேலே மாட்டினால் எல்லார் கண்ணிலும் படும்.