ஸ்டோரேஜ் குரூப் 90% தாண்டிவிட்டது: இடத்தை எது பிடிக்கிறது?

கேள்வி:
இசட்/ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம் ஓஎஸ்), எஸ்எம்எஸ் (இடத்தை சிஸ்டமே நிர்வகிக்கும் வசதி) ஸ்டோரேஜ் குரூப், அதாவது வால்யூம் தொகுப்பு; எல்லாம் 3390-9 வகை டிஸ்க் வால்யூம்கள். டேட்டா கூடியதாகத் தெரியவில்லை, ஆனால் இரவு பேட்ச்சில் பி37 (இடம் போதாமல் ஜாப் நிற்கும் பிழை) விழுகிறது. டேட்டாசெட் (ஃபைல்) பட்டியல் திரையான ஐஎஸ்பிஎஃப் 3.4-இல் வால்யூம் வாரியாகப் பார்த்துவிட்டேன். பெரிய டேட்டாசெட் எல்லாம் தேவையானவைதான். வேறு எங்கே தேடுவது?

பதில் 1:
பெரியதைத் தேடுவதை விடுங்கள். ஒதுக்கிய இடத்துக்கும் எழுதிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 500 சிலிண்டர் (டிஸ்க் இட அலகு) வாங்கி 20 மட்டும் எழுதும் ஜிடிஜி (ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் டேட்டாசெட் வரிசை), 10 தலைமுறை நின்றால் 4,800 சிலிண்டர் வீண். 10,017 சிலிண்டர் உள்ள வால்யூமில் அது ஏறக்குறைய பாதி. 3.4-இல் தனித்தனியாகப் பார்க்கும்போது எதுவும் கண்ணை உறுத்தாது.

ஐடிகேம்ஸ் யூட்டிலிட்டியில் டிகலெக்ட் (இட விவரங்களைத் திரட்டும் கமாண்ட்) ஓட்டி, ஸ்டோரேஜ்குரூப் பெயரைக் கொடுங்கள். 'டி' ரெக்கார்டில் டிசிடிஏஎல்எல்எஸ்பி ஒதுக்கியது, டிசிடியூஎஸ்இஎஸ்பி எழுதியது, இரண்டும் கிலோபைட்டில். கழித்து, இறங்குவரிசையில் சார்ட் செய்தால் முதல் பக்கத்திலேயே ஆள் சிக்கும்.

பதில் 2:
விசாம் கிளஸ்டர்களை (ரெக்கார்டை கீ போன்றவற்றால் நேரடியாக எடுக்கும் வகை டேட்டாசெட்) அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு 'ஏ' ரெக்கார்டு, அல்லது லிஸ்ட்கேட்டில் (கேட்லாக் விவரம் காட்டும் கமாண்ட்) ஹெச்ஐ-ஏ-ஆர்பிஏ (ஒதுக்கிய எல்லை), ஹெச்ஐ-யூ-ஆர்பிஏ (எழுதிய எல்லை). இவை நெருங்கி இருந்தாலும் நம்பிவிட வேண்டாம்: ரெக்கார்டை அழித்தால் ஹெச்ஐ-யூ-ஆர்பிஏ இறங்காது. ஃப்ரீஸ்பேஸ்(50 50), அதாவது இரண்டு மட்டத்திலும் பாதி காலி என்றால், லோடு ஆனதுமே டேட்டா கால்வாசிதான்.

பிளாக்சைஸையும் (ஒரே தடவையில் டிஸ்கில் எழுதும் பைட் அளவு) பாருங்கள். 80 பைட் ரெக்கார்டை பிளாக் செய்யாமல் எழுதினால் ஒரு டிராக்கில் 78 ரெக்கார்டுதான். 27,920 வைத்தால் 698. பிளாக்சைஸ்=0 கொடுத்தால் சிஸ்டமே சரியாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
டிகலெக்டில் ஜிடிஜிதான் முதலில் வந்தது, நன்றி. ஆனால் ஜேசிஎல்லில் (ஜாப்பை விவரிக்கும் மொழி) ஆர்எல்எஸ்இ (மிச்ச இடத்தை விடுவிக்கும் குறிப்பு) இருக்கிறதே? ஐஇஎஃப்பிஆர்14 (எதுவும் செய்யாத வெற்று புரோகிராம்) ஸ்டெப்பில் உருவாக்கி, அடுத்த ஸ்டெப்பில் எழுதுகிறோம்.

பதில் 1:
கோளாறு அங்கேதான். ஆர்எல்எஸ்இ வேலை செய்வது டேட்டாசெட்டை எழுதி குளோஸ் செய்யும்போது. ஐஇஎஃப்பிஆர்14 எதையும் ஓபன் செய்வதே இல்லை, அதனால் அங்கே போட்டது செல்லாது. அந்த ஸ்டெப்பை எடுத்துவிட்டு, எழுதும் ஸ்டெப்பின் டிடியிலேயே (டேட்டாசெட்டைக் குறிக்கும் ஜேசிஎல் வரி) நியூ, கேட்லாக், ஸ்பேஸ், ஆர்எல்எஸ்இ எல்லாம் கொடுங்கள். ஸ்டெப் அபெண்ட் ஆனாலும் (பிழையால் பாதியில் நின்றாலும்), அதே நேரம் வேறு ஜாப் அந்த டேட்டாசெட்டைப் பிடித்திருந்தாலும் இடம் விடுபடாது.

ஏற்கெனவே நிற்கும் தலைமுறைகளுக்கு மேனேஜ்மென்ட் கிளாஸில் (டேட்டாசெட் பராமரிப்பு விதிகள்) பார்ஷியல் ரிலீஸை 'ஒய்' ஆக்குங்கள். டிஸ்க் இடத்தைப் பராமரிக்கும் ஹெச்எஸ்எம்மின் அடுத்த பிரைமரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் ஓட்டத்தில் திரும்பக் கிடைக்கும். விசாமில் எக்ஸ்டெண்டட் ஃபார்மட் இருந்தால்தான் இது நடக்கும்.