சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,300 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா?

சாங்கிவாசி கேட்டது:
தூரம் காட்டும் தளங்களில் சிங்கப்பூரின் சாங்கி – நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத் தூரம் 15,300 கி.மீ. சொச்சம் என்று வருகிறது. 2018-இல் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானம் விட்டபோது வந்த செய்திகளிலோ 16,700 கி.மீ. பக்கத்துப் பக்கத்து விமான நிலையங்களுக்கு இவ்வளவு வித்தியாசமா? மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது, டிக்கெட்டில் 18-க்கும் மேல். இரவு 11:55-க்குக் கிளம்பினால் அங்கே எத்தனை மணிக்கு இறங்கும்? அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாற வேண்டும்.

பின்காற்று:
இரண்டும் சரிதான். முதலாவது வரைபடத் தூரம், மற்றது பறக்கும் தூரம்.

தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய உலகின் மறுபக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. டிகிரிக்கு 111.2 கி.மீ. போட்டால் 15,345 வந்துவிடும்.

ஆனால் அந்தக் கோட்டில் பின்காற்று கிடைக்காது, நடுவே ரஷ்யாவும் இருக்கிறது. ஜப்பானை ஒட்டி பசிபிக்கைக் கடந்தால் மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் வேகமாக வீசும் காற்று) முதுகில் தள்ளும். தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடினாலும் எரிபொருள் மிச்சம். திரும்பும்போதும் பெரும்பாலும் கிழக்கேதான்: அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக. போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று!

கேட்_பி:
டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேலும் ஆகலாம்.

இறங்கும் நேரம்: இரவு 11:55 + 18:30 = மறுநாள் மாலை 6:25, சிங்கப்பூர் நேரம். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை 12 மணி கழியுங்கள், காலை 6:25. குளிர்காலத்தில் 13, அதாவது 5:25. தேதிக்கோட்டை நினைத்துக் குழம்ப வேண்டாம், இந்தக் கழித்தலிலேயே அது அடங்கிவிட்டது.

மூட்டைமுடிச்சு:
உள்நாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள். பெட்டியில் கடைசி ஊர் வரை டேக் ஒட்டியிருந்தாலும் ஜே.எஃப்.கே.யிலேயே இமிகிரேஷன் முடித்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போட வேண்டும். அடுத்த விமானம் லாகார்டியாவிலிருந்து என்றால் அது வேறு விமான நிலையம், சாலையில் போக வேண்டும். மூன்று மணி போதாது.

இன்னொன்று: இந்த நேரடிச் சேவைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விடும் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தூர ரகம்) விமானத்தில் எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கை, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. எடையைக் குறைத்தால்தான் அவ்வளவு தூரம் எட்டும். சாதாரண எகானமிதான் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிராங்க்ஃபர்ட் வழி விமானத்தைப் பாருங்கள். நடுவில் நிற்கும் நேரம் உட்பட 23, 24 மணி நேரம் ஆகும்.