மழைக்காலத்தில் ஆற்றங்கரைத் தடங்களில் வெளியூர் நண்பர்களை அழைத்துச் செல்வது எப்படி?

நீடாமங்கலம் வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகைக் கடைசியில் என்னுடன் கல்லூரியில் படித்த நண்பர்கள் நால்வர், உதகையிலிருந்தும் கோவையிலிருந்தும் தங்கள் மவுண்டன் பைக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் இருவர் நீலகிரியின் தேயிலைச் சரிவுகளிலும், மழையில் நனைந்த சோலைக்காட்டு வேர்களின் மேலும் பல ஆண்டுகளாக ஓட்டித் தேர்ந்தவர்கள். மற்ற இருவர் புதியவர்கள்; அவர்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்ற மூணாறு தலைப்பு என்னும் மதகணையில் தொடங்கி, கோரையாற்றின் கரையோடு சென்று, வாய்க்கால் கரைகள் வழியாகத் திரும்பலாம் என்பது என் எண்ணம்.

இந்தத் தடங்களில் நான் தனியாக ஓட்டிப் பழகியிருக்கிறேனே தவிர, பிறரை அழைத்துச் சென்றதில்லை. அடைமழை விட்ட மறுநாள் எந்தக் கரையில் போகலாம், எதில் போகக் கூடாது என்பதை எவ்வாறு முடிவு செய்வது? தேர்ந்தவரும் புதியவரும் கலந்த குழுவை எப்படி நடத்துவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

திருவையாற்றுக்காரர்:

நண்பருக்கு வணக்கம். மலையில் ஓட்டிப் பழகியவர்கள் நம் பகுதிக்கு வந்ததும், சமவெளிதானே என்று தொடக்கத்திலேயே வேகமெடுத்துவிடுவார்கள். மலையில் வேர், பாறை, சரிவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். நம் ஊர்க் களிமண் மேலே உலர்ந்ததுபோல் காட்டிக்கொண்டு உள்ளே இளகிக் கிடக்கும். ஆகவே புறப்படும்போதே அவர்களை நிறுத்தி, கரை மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் கனத்தில் திரி போல் நீண்டுகொண்டே வரும் மண் டயரை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது அப்போதே அவர்களுக்கு விளங்கிவிடும்.

போகலாமா என்பதை நான் குதிகாலை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். கரையின் நடுவில் குதிகாலை அழுத்தி எடுத்தபின் அந்தக் குழியில் நீர் சுரந்தால், அன்று அந்தக் கரையில் சைக்கிளை ஏற்றுவதில்லை. குழியின் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தால் தாராளமாக ஓட்டலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆளை ஏமாற்றும்: அடியில் மண் கெட்டியாக இருக்கும், மேலே மெல்லிய தோல் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அத்தகைய இடத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பாமல், முன் பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக மிதித்து நேராகக் கடக்க வேண்டும். முடிந்தால் புல் படர்ந்த ஓரத்தில் ஓட்டுவது நல்லது, ஏனெனில் களிமண்ணுக்கு மேல் புல்வேர்தான் பிடிமானம் தரும்.

மதகுகளின் மேல் உள்ள சிமெண்ட் பலகைகளில் இந்த மாதங்களில் பாசி படிந்திருக்கும். அவற்றைச் சாய்வாக வெட்டாமல், நேராக, பிரேக் பிடிக்காமல் உருண்டு கடக்க வேண்டும். ஐயம் இருந்தால் இறங்கித் தள்ளுவதே சரி. டிராக்டர்கள் கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) வயலிலிருந்து கரையேறும் இடங்களும் அப்படிப்பட்டவையே. சக்கரத்தோடு வந்த சேற்றுக் குழம்பு கரைமேல் பரவிக் கிடக்கும். மேலே சாரல் விழுந்து அது சமமாகிவிட்டால் தூரத்திலிருந்து தெரியாது.

குழுவை நடத்துவதில் நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. கடினமான இடத்துக்கு முன்னால் அனைவரையும் நிறுத்தி, நான் முதலில் நடந்து காட்டிவிட்டு, பிறகு ஓட்டிக் காட்டுவேன். நான் கடந்து நின்று கை காட்டிய பிறகே அடுத்தவர் புறப்படுவார். தேர்ந்தவர்களில் ஒருவரைக் கடைசியில் வரச் செய்யுங்கள். அவரைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. ஐயத்துக்குரிய இடங்களில் வழிகாட்டுபவரே முதல் ஆளாக இறங்கி நடந்துவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஓட்டிக்கொண்டு போனால் புதியவர்கள் கூச்சத்தினால் தாங்களும் ஓட்டப் பார்ப்பார்கள்.

ஒரத்தநாட்டு விவசாயி:

மேலே எழுதியவர் சொன்னவை அனைத்தும் ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றியவை. கரையின் பாதுகாப்பைப் பற்றியும் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்றுக்கரை என்பது மண்ணால் கட்டிய அணை. ஈரக் களியில் ஐந்து சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் போனால், நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, தாழ்வான இடம் பார்த்துச் சரிவில் இறங்கி, கரையை அறுக்கத் தொடங்கும். ஆறு முழுக்க ஓடும் நாளில் அப்படி அறுந்த இடம் பலவீனமாகி, அங்கே உடைப்பு எடுத்தால் மூழ்குவது நட்டு ஒரு மாதமான சம்பா, தாளடி நெற்பயிர்கள்தான். அதனால்தான் வெள்ளக் காலத்தில் நீர்வளத் துறையின் லஸ்கர்கள் (கரைக் காவல் பணியாளர்கள்) கரையோரம் நடந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போக வேண்டாம் என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள். மணல் மூட்டை அடுக்கிய இடத்தையும், புதுமண் கொட்டி உடைப்பை அடைத்த இடத்தையும் எந்த நிலையிலும் மிதிக்காதீர்கள்.

வயல் வரப்பில் ஓட்டுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். மண்வெட்டியால் அணைத்து வைத்த வரப்பு சக்கரம் பட்டால் சரியும். தேக்கி வைத்த தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.

வல்லம் பக்கத்திலிருந்து:

மழை விட்ட மறுநாள்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், பழைய டெல்டாவின் களிமண்ணை விட்டுவிட்டு, தஞ்சாவூருக்குத் தென்மேற்கே எங்கள் பக்கம் வந்துவிடுங்கள். இங்கே செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும் கலந்த மேட்டு நிலம். தண்ணீர் விரைவில் வடிந்துவிடும்; ஈரமாக இருக்கும்போது சரளை இறுகி, கோடையைவிட நல்ல பிடி கிடைக்கும். மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்களும் வேர் ஓடிய தடங்களும் இருப்பதால், உங்கள் உதகை நண்பர்களுக்கு வேண்டிய கடினமும் கிடைக்கும். கோரையாற்றுப் பயணத்தை இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தபின் வைத்துக்கொள்ளலாம்.

கொள்ளிடத்தின் மணலில் இறங்கி ஓட்டும் ஆசை வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் வரும். மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்றால், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் அது பெரும்பாலும் கொள்ளிடத்தில்தான் திருப்பப்படும். அந்தச் செய்தியைப் பார்க்காமல் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்.

கும்பகோணம் சைக்கிள் பட்டறை:

சைக்கிளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். களிமண்ணில் மிகுதியாக உடைவது பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். சேறு அடைத்துச் சக்கரம் இறுகும்போது ஓட்டுபவர் மேலும் அழுத்தி மிதிப்பார். வைக்கோலோ கொடியோ சங்கிலியில் சிக்கி, ஹேங்கர் முறிந்துவிடும். மிதி கனத்தால் உடனே இறங்கி, ஒரு குச்சியால் சேற்றை வழித்துவிட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு என்பதால், நண்பர்கள் தங்களுடையதில் ஒன்றை உபரியாக எடுத்து வரட்டும். இங்கே கடைகளில் கிடைப்பது அரிது.

மேலே புடைத்த ரப்பர் கட்டைகள் நெருக்கமாக உள்ள டயர் வேண்டாம், இடைவெளி விட்ட கட்டைகள்தான் சேற்றை உதறும். கரையோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள் என்பதால், டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட்டைப் புதிதாக ஊற்றி வருவது நலம். சேறும் மணலும் கலந்த ஈரத்தில் ரெசின் (பிசின் கலவை) பிரேக் பேட்கள் விரைவில் தேயும், சின்டர்டு (உலோகத் தூள்) பேட்கள் தாக்குப்பிடிக்கும்.

நீடாமங்கலம் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் நாள் வல்லம் பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். நீச்சல் தெரியாத நண்பரைப் பிறகு கோரையாற்றுக் கரைக்கு அழைத்துச் செல்லலாமா?

திருவையாற்றுக்காரர்:

கரை அகலமாகவும் உலர்ந்தும் இருந்தால் அழைத்துச் செல்லலாம். ஆனால் அவர் எப்போதும் வயல் பக்க ஓரத்தில்தான் ஓட்ட வேண்டும். தடுமாறினால் அந்தப் பக்கமே சாய்ந்துவிட வேண்டும் என்பதைப் புறப்படும் முன் புல்தரையில் நின்று பழக்கிவிடுங்கள். ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளிப் வேண்டாம், தட்டைப் பெடல் போதும். கரை குறுகி ஆறு ஒட்டி ஓடும் இடங்களில் அவர் மட்டுமல்லாமல் ஐவருமே இறங்கித் தள்ளுங்கள்.

விழுந்து சிராய்த்தால் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஏனெனில் வயல் நீரில் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். புதருக்குள் விழுந்தவரைப் பாம்பு கடித்திருந்தால், கட்டுப் போடவோ கீறிவிடவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கரையில் எந்த இடத்தில் ஆம்புலன்ஸ் ஏற முடியும், எந்தப் பாலத்தின் பெயரைச் சொல்லி வழி கூறலாம் என்பதை முந்தைய நாளே பார்த்துவைத்து, கடைசியில் வரும் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்.