வீட்டு எல்ஃப்கள் எப்படி அடிமையானார்கள்? நாவல் சான்று வேண்டும்

ஹாரி பாட்டர் வாசகர்களே, ஒரு உதவி. மந்திரவாதிக் குடும்பங்களுக்கு ஊழியம் செய்யும் குட்டி உயிரினங்களான வீட்டு எல்ஃப்கள் எப்படி அடிமையானார்கள் என்று ஏழு நாவல்களிலும் சொல்லப்படவில்லை. மந்திரக்கோல் இல்லாமலே மந்திரம் செய்வார்கள். மந்திரவாதிகளாலேயே முடியாதபோது, ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்குள் சட்டென்று மறைந்து தோன்றுவார்கள். அப்புறம் ஏன் பணிந்தார்கள்?

போரில் தோற்றுச் சாபத்தில் சிக்கினார்கள் என்பது ஒரு ஊகம். எனக்கு ஒட்டவில்லை, வரலாற்று வகுப்பில் கோப்ளின் என்ற இன்னொரு மந்திர இனத்தின் கலகங்கள்தானே வருகின்றன? (ஹாக்வார்ட்ஸ் வரலாற்று நூலிலேயே எல்ஃப்கள் இல்லை என்று ஹாரியின் தோழி ஹெர்மயனி பொருமுவாளே!)

ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் பிரவுனி என்ற குட்டி மாய உயிர் இரவில் வந்து வீட்டு வேலை செய்யும், உடை கொடுத்தால் போய்விடும் (நாவலிலும் உடை கொடுத்தால்தான் எல்ஃபுக்கு விடுதலை). அப்படித் தானாக வந்தவர்களைப் பிறகு மந்திரத்தால் பூட்டிவிட்டார்களோ? எனக்குப் பிடித்த ஊகம் இதுதான்.

ஆதரவாகவோ எதிராகவோ வரிகள் தெரிந்தால் எந்தப் பாகம், எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள். படக் காட்சிகள் வேண்டாம், அவற்றில் நாவலில் வரும் எல்ஃப் விங்கியே கிடையாது.