உயிலில் வரும் ‘இஷ்யூ’வுக்குத் தமிழில் என்ன எழுதுவீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்கள், பத்திரம் எழுதுபவர்கள் உதவ வேண்டும். பழைய ஆங்கில உயில் ஒன்றில் ‘டை வித்தவுட் இஷ்யூ’ என்று வருகிறது. பிரச்சினை, சிக்கல் எல்லாம் இங்கே ஒட்டாது. பத்திரிகைக்கு இதழ், பங்குக்கு வெளியீடு, சிவில் வழக்கில் (1908 உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 14) எழுவினா, அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. அதுவரை குழப்பமில்லை.

உயிலில் அது பிள்ளை, பேரப்பிள்ளை என்று கீழ்நோக்கிப் போகும் வம்சம். ‘வாரிசின்றி’ என்று போட்டால் மனைவியும் தாயும்கூட வாரிசுதானே, பொருளே மாறிவிடும். ‘பிள்ளையின்றி’ என்றால் பேரன் பேத்தி விடுபடுவார்கள். இப்போதைக்கு ‘சந்ததியின்றி’ என்று வைத்திருக்கிறேன்.

தத்துப்பிள்ளை அதில் அடங்குவதாக வாசிப்பார்களா, அடிக்குறிப்பு தேவையா? பதிவான தமிழ்ப் பத்திரங்களில் பார்த்த வாசகம் இருந்தால் அப்படியே போடுங்கள். பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள்.